11 மணி வடையும் வே பவுடரும்: 14 மாத அனுபவம்

காலை 11 மணியானால் அலுவலகக் கேண்டீனிலிருந்து வரும் மெதுவடை வாசனைக்குத் தோற்றுவிடுவேன். அதை வெல்லத்தான் பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடியான வே (whey) பவுடர் வாங்கினேன். 46 வயதில் தசை வளர்க்கும் ஆசையெல்லாம் இல்லை.

முதல் நாள் சூடான பாலில் கலந்தேன். ரவைக்கட்டி போலத் திரண்டது. பிறகு குளிர்ந்த நீர்தான். காலை 8 மணிக்கு ஒரு கரண்டி, 24 கிராம் புரதம், கூட இரண்டே இட்லி. ஒன்பதரை வரை பசி தெரியாது. பத்தரைக்கு வயிறு பழையபடி கூப்பிடும். ஆறு மாதம் இதே கதை.

காரணம் ஒரு நாள் சமையலறையில் கண்ணில் பட்டது. பனீருக்காகப் பாலில் எலுமிச்சை பிழிந்தபோது கேசின் திரண்டு, இளம்பச்சைத் தண்ணீர் தனியே பிரிந்தது. அந்தத் தண்ணீரில் இருப்பதுதான் வே. பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின், 20 சதவீதம் வே. இரைப்பை அமிலத்திலும் கேசின் இப்படித்தான் கட்டியாகி மெல்லக் கரையும். வே திரவமாகவே குடலுக்கு விரையும்.

அங்கே சிறுகுடலின் சுவர் 'போதும்' என்று சேதி அனுப்புகிறது: கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன்கள் மூலம். 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், வே குடித்தவர்கள் 90 நிமிடம் கழித்து வைத்த விருந்தில், கேசின் குடித்தவர்களைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள். என் ஒன்பதரை மணிக் கணக்கும் அதுவே! ஆனால் ஜிஎல்பி-1 இரத்தத்தில் இரண்டே நிமிடங்களில் பாதியாகிவிடும். உணவு வந்துகொண்டே இருந்தால்தான் சேதியும் தொடரும். ஜிஎல்பி-1 போலவே வேலை செய்து, ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்படி மாற்றியமைத்த செமாக்ளூடைட் என்ற எடைக் குறைப்பு ஊசியோடு இந்தப் பவுடரை ஒப்பிடும் விளம்பரங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

ஏழாம் மாதம் முதல் அரைக் கரண்டி பவுடர், கூடவே மெல்லக் கரையும் கேசினுக்காக எலுமிச்சைப் பழ அளவு நான்கு பனீர்த் துண்டுகள். வடை நேரம் தெரியாமலே கடந்து போகிறது. மதியம் ஒரு மணிக்குத்தான் பசி. ஹார்மோனா, மென்று தின்ற திருப்தியா என்று என்னைக் கேட்டால், இரண்டும் என்பேன்.

எடை மூன்று கிலோ குறைந்து, அங்கேயே நின்றுவிட்டது. முதலில் வாங்கிய மலிவான வகையில் வயிறு உப்பியது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைந்த ஐசோலேட் வகைக்கு மாறியதும் நின்றது, விலைதான் உறுத்துகிறது. போன மாதம் டப்பா தீர்ந்தது. இன்னும் புதிது வாங்கவில்லை; பனீர் பிழிந்த தண்ணீரில் உப்பும் சீரகமும் போட்டுக் குடிக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வடை.