டிவிஆர் கேமராவா, ஐபி கேமராவா?

கண்காணிப்புக் கேமரா வைக்க நினைப்பவர்கள் முதலில் மெகாபிக்சலைத்தான் கேட்கிறார்கள், ஆனால் படத்தின் டேட்டா எங்கே சுருக்கப்படுகிறது என்பதில்தான் டிவிஆர் கேமராவுக்கும் ஐபி கேமராவுக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. டிவிஆரோடு இணைக்கும் அனலாக் எச்டி கேமரா காட்சியைச் சுருக்காமல் கோஆக்சியல் கேபிளில் (கேபிள் டிவிக்கு வருவது போன்ற கேபிள்) அனுப்பிவிடும், அதைச் சுருக்கி ஹார்ட் டிஸ்கில் எழுதுவது டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியின் வேலை. கேமராவுக்கு 12 வோல்ட் மின்சாரம் பெரும்பாலும் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். ஐபி கேமரா அப்படியில்லை, சுருக்கும் வேலையைத் தானே முடித்துவிட்டு நெட்வொர்க் கேபிளில் என்விஆர் என்ற பதிவுப் பெட்டிக்கு அனுப்புகிறது, பிஓஇ சுவிட்ச் (மின்சாரமும் தரும் நெட்வொர்க் பெட்டி) இருந்தால் மின்சாரமும் அதே கேபிளில் வந்துவிடும், அப்புறம் தனி அடாப்டர் தேவையில்லை. ஆனால் ஒரு நெட்வொர்க் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

சின்னக் கடை, நாலு கேமரா, பழைய கோஆக்சியல் கேபிள் சுவருக்குள் நன்றாகவே இருக்கிறது என்றால் டிவிஆரே போதும், வீணாகச் செலவு செய்யாதீர்கள். புதிதாகக் கட்டும் வீடா? ஐபிதான் என் தேர்வு.

எதை வாங்கினாலும் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது, தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்த கடவுச்சொற்களை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால்தான்.