நிலவாகையா, சிரப்பா, இசப்கோலா?

52 வயது வரை எனக்குக் காலை ஆறு மணி என்றால் ஆறு மணிதான். பிறகு எங்கோ தடம் மாறி மலச்சிக்கல் வந்தது. மூன்று நாள் ஒன்றுமில்லை, நான்காம் நாள் ஆட்டுப்புழுக்கை மாதிரி நாலு உருண்டை. மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். அதன்பின் ஒன்றரை ஆண்டில் நிலவாகைப் பொடி, லாக்டுலோஸ் சிரப், இசப்கோல் மூன்றையும் பார்த்துவிட்டேன். இப்போது இசப்கோலில் நிற்கிறேன், அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

விளக்கெண்ணெயைக் கணக்கில் சேர்க்கவில்லை. சிறு வயதில் பள்ளி விடுமுறை பார்த்து, மூக்கைப் பிடித்து ஊற்றி, அன்று முழுக்க ரசம் சாதமே போடுவார்கள். அது பேதிக்குக் கொடுப்பது. தினசரி வைத்தியம் ஆகாது.

நிலவாகை எங்கள் பக்கத்துச் சரக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடி வறண்ட நிலங்களில் விளைந்து, ‘டின்னவெல்லி சென்னா’ என்று ஊர்ப் பெயரோடு கப்பலேறுகிற இலை. இரவு அரை ஸ்பூன் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துப் படுத்தால் காலையில் வேலை முடிந்தது. 6 முதல் 12 மணி நேரத்தில் குடலை உசுப்பிவிடும். வேகத்தில் மற்ற இரண்டும் இதன் கிட்டே வராது. விலையும் மலிவு. முதல் மாதம் பார்ப்பவரிடமெல்லாம் சிபாரிசு செய்தேன்.

இந்த மூன்றையும் எடைபோட நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: நிறுத்தினால் என்ன ஆகிறது? இந்தத் தொல்லை ஒரு வாரத்தில் தீர்கிற காய்ச்சல் அல்ல. எதைத் தொட்டாலும் மாதக்கணக்கில் கூட வரப்போகிறது. நிலவாகையில் அரை ஸ்பூன் ஒன்றானது, ஒன்று இரண்டானது. ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனபோது டப்பாவை மறந்துவிட்டேன். நான்கு நாள் குடல் அசையவே இல்லை. பந்தியில் உட்கார்ந்தும் இலையில் கை போகவில்லை. அவ்வப்போது ஓரிரு நாள் எடுக்க வேண்டியதைப் பத்து மாதம் தினமும் விழுங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மருத்துவர். அவர் மலச்சிக்கலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே வேறு கேட்டார். ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா, இரும்புச்சத்து மாத்திரையோ வலி மாத்திரையோ ஓடுகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ஆனாலும் ஐம்பதைத் தாண்டியவருக்குப் பழக்கம் புதிதாக மாறினால் உள்ளே பார்க்காமல் விட முடியாது என்று ரத்தப் பரிசோதனை, தைராய்டு, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி மூன்றையும் எழுதினார். கட்டி எதுவும் இல்லை. ஆனால் படத்தில் குடலின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்பு. “நிலவாகை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறீர்களா?” என்றார். நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை! அந்த நிறத்தால் கெடுதல் இல்லை, நிறுத்தினால் சில மாதங்களில் மறையும் என்றார். எனக்குத்தான் அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை.

இசப்கோல் குடலை உசுப்புவதில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிற ஒரு விதையின் உமி அது. தண்ணீரை உறிஞ்சி ஊதி, மலத்தை இளக்கிக் கனமாக்குகிறது. குடல் தன் வேலையைத் தானே செய்கிறது. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்காது, வயிறு மட்டும் உப்பும். அந்த மூன்று நாளில்தான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். அரை ஸ்பூனில் தொடங்கி வாரம் ஒருமுறை கூட்டியதால் எனக்கு உப்பசம் அடங்கியது. ஒரு முழு டம்ளர் தண்ணீரில் போட்டவுடன் குடித்துவிட வேண்டும். ஒருநாள் கலக்கி வைத்துவிட்டு போன் பேசப் போனேன். திரும்பி வந்தால் டம்ளருக்குள் ஸ்பூன் நட்டுக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் குறைந்தால் வயிற்றிலும் இதே கதைதான். சிக்கல் கூடும், தொண்டையிலும் அடைக்கலாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுகிறேன்.

இனி அந்தக் கேள்வி. சென்ற மாதம் ஆறு நாள் இசப்கோல் இல்லாமல் இருந்தேன். மலம் கொஞ்சம் இறுகியது, இடையில் ஒரு நாள் தவறியது, அவ்வளவே. அளவும் எட்டு மாதமாக இரவு இரண்டு ஸ்பூனைத் தாண்டவில்லை.

சிரப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, பத்தே நாள் குடித்தேன். உடலில் சேராத ஒரு சர்க்கரை அது; குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைக்கும். வேலை செய்ய ஓரிரு நாள் ஆகும். எனக்கு வாயு தாங்க முடியவில்லை, அலுவலகத்தில் நாற்காலியை ஜன்னலோரம் மாற்றிக்கொண்டேன். ஆனால் என் அம்மாவுக்கு 80 வயது. நாளுக்கு நான்கு டம்ளர் தண்ணீர் குடிக்க வைப்பதே பெரும்பாடு, அவருக்கு இசப்கோல் கொடுக்க எனக்குப் பயம். மருத்துவர் சிரப்பைத்தான் எழுதியிருக்கிறார். ராத்திரி ஒன்பதானால் மூடியில் அளந்து, “தித்திப்பாகத்தான்டா இருக்கிறது” என்று நாக்கைச் சப்புக்கொட்டிக் குடிக்கிறார்.