ஆறு டிசம்பர், ஒரு கதவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷமான மதுரைக்காரத் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: “அண்ணே, நீங்க வருஷா வருஷம் போறீங்களே, அந்தக் காட்டோரக் கடற்கரைக் குடிலுக்கு டிசம்பர்ல அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா? கதவைச் சரி பண்ணிட்டாங்களாமே?” போனில் பதில் சொல்ல வாயெடுத்தேன், கோபம்தான் முதலில் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. டர்பனுக்கு வடக்கே, சொட்வானா வளைகுடாவுக்கும் கோசி வளைகுடாவுக்கும் நடுவில், மணல்மேட்டுக் காட்டுக்குள் ஆறு குடில்கள். கரண்ட் கிடையாது, சமையல் நம்முடையது, ஹ்லுஹ்லுவே ஊரைத் தாண்டி ஆர்22 சாலையை விட்டு இறங்கியதும் ஃபோர் பை ஃபோர் இல்லாமல் நகர முடியாது. டயர் காற்றை ஒரு பார் அளவுக்கு இறக்கிக்கொண்டுதான் அந்த மணலில் போக வேண்டும். இதெல்லாம் அந்தத் தம்பிக்கும் தெரியும். 2018 டிசம்பரில் முதல் முறை போனோம். 2020இல் கொரோனாவால் விட்டுப்போனது, மற்றபடி போன வருஷம் வரை ஆறு டிசம்பர். முதல் முறை தலைக்கு ஓர் இரவுக்கு 420 ராண்ட் வாங்கினார்கள், இப்போது 860.

நாங்கள் எப்போதும் தங்குவது மூன்றாம் குடில். கடல் தெரிவது அதிலிருந்து மட்டும்தான். அதன் கதவு மேல் பாதி தனி, கீழ் பாதி தனி, குதிரை லாயத்துக் கதவு மாதிரி. மேல் பாதியைத் திறந்து வைத்துக்கொண்டு கீழ் பாதியைத் தாழ்போட்டால் காற்றும் வரும், தரையில் திரியும் காட்டு உயிர்கள் உள்ளே வராது. நல்ல யோசனைதான். ஆனால் கீழ் பாதிக்குத் தாழ் விழாது. தாழ்ப்பாள் நாக்குக்கும் அது நுழைய வேண்டிய ஓட்டைக்கும் நடுவில் ஒரு விரல்கடை வித்தியாசம். காலால் எத்தி, கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, தோளால் அழுத்தினால் ஒரு நொடி பொருந்தும், கையை எடுத்ததும் நழுவும். அதற்காகவே ஆணியில் ஒரு நைலான் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். முதல் வருஷம் சொன்னோம், “அடுத்த முறை சரியாக இருக்கும்” என்றார்கள். அடுத்த முறை கயிறு மட்டும் புதிதாக இருந்தது.

என் அத்தை, அதாவது மனைவியின் அம்மா, டர்பனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா டர்பன் கரையில் கரைவலை இழுத்தவர். 1860இல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்ததற்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்கு வந்த குடும்பங்களும் உண்டு, அத்தை அந்த வழி. ஜூன், ஜூலையில் மத்தி கூட்டம் கரையேறும்போது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவின் வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லுவார். இந்தக் குடிலுக்கு முதலில் வந்தபோது மணலில் உட்கார்ந்து, அலை எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே பள்ளம் இருக்கிறது என்று என் பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டினார். “ஆயாவுக்குத் தண்ணிக்கு அடியில இருக்கறதெல்லாம் தெரியுது” என்றாள் சின்னவள். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் திரும்பும்போது காரில் அழுதார்.

2021 டிசம்பர். லிச்சிப் பழக் காலம். வழியில் இரண்டு பை வாங்கி, அடுப்பு மேடையில் வைத்திருந்தோம். நாங்கள் தண்ணீரில், அத்தை உள்ளே கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். மேல் பாதியைச் சாத்தி, கீழ் பாதிக்குக் கயிறு கட்டித்தான் இருந்தது. வெர்வெட் குரங்கு, இங்கே இன்காவு என்பார்கள், கயிறு இருக்கிற கதவைத் தள்ளிப் பார்க்கும் அளவுக்கு விவரமானது. கயிறு இளகிய இடைவெளியில் நான்கு வந்துவிட்டன. மூன்று பழத்தை வாரிக்கொண்டு ஓடின, பெரிய கடுவன் மட்டும் மேடையில் நின்று பல்லைக் காட்டியது. அத்தை பின்னால் நகர்ந்தார், நாற்காலி காலில் தட்டியது, கையை ஊன்றி விழுந்தார். நான் ஓடி வந்து பார்க்கும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். குரங்கு போய்விட்டது. கதவு முழுதாகத் திறந்து, கயிறு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். அன்று ராத்திரி புஷ்பேபி என்கிற சின்ன இரவு விலங்கு காட்டுக்குள் குழந்தை அழுவதுபோல் கத்த, அவர் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து, விடியும்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் கூப்பிட்டதற்கு, “நீங்க போய்ட்டு வாங்க தம்பி” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

சரி, அப்படியென்றால் ஏன் மறுபடியும் போனீர்கள் என்று கேட்கலாம். ஆமைக்காகப் போனோம்.

சென்னையில் கல்லூரி நாட்களில் பெசன்ட் நகர் கரையில் முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி மாணவர்களோடு ராத்திரி ஆமை நடை போயிருக்கிறேன். அங்கே வருவது பங்குனி ஆமை, இரண்டு பேர் தூக்கிவிடலாம். இங்கே வருவது இரண்டு வகை: பெருந்தலை ஆமை, அப்புறம் லெதர்பேக் என்கிற ஏழுவரி ஆமை. முதுகில் கெட்டி ஓடு கிடையாது, கறுத்த தோல், அதில் தலையிலிருந்து வால்வரை ஏழு வரி. உலகத்து ஆமைகளில் இதுதான் பெரியது. காலையில் மணலில் பார்த்தால் டிராக்டர் ஏறிப் போன தடம் மாதிரி இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை முட்டையிடும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை குஞ்சு வரும். இந்தக் கரையில் 1963 முதல் ஒவ்வொரு பருவமும் இவற்றைக் கணக்கெடுக்கிறார்கள். 1999இல் இந்தப் பகுதி முழுவதும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2002 தொடக்கத்திலிருந்து கடற்கரையில் பொதுமக்கள் வண்டி ஓட்டத் தடை. ராத்திரி ஆமை பார்க்க, அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும்.

குடில்காரர்கள் இந்த விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. பொழுது சாய்ந்தால் கடல் பக்கம் ஒரு வெளிச்சம் இருக்காது. செல்போன் டார்ச் அடித்த ஒரு விருந்தாளியிடம் பொறுப்பாளர் ஓடிப்போய், அணைக்கச் சொல்லி நின்றதைப் பார்த்திருக்கிறேன். தாய் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் கரையேறாமல் திரும்பிவிடும், குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிக் காட்டுப் பக்கம் நடந்து செத்துப்போகும். அந்த இருட்டில், வழிகாட்டியின் சிவப்பு விளக்கில், 2019இல் அத்தை ஓர் ஏழுவரி ஆமையைப் பார்த்தார். பின்துடுப்பை உள்ளங்கைபோல் குழித்து, ஒரு பிடி மணலை அள்ளி, சிந்தாமல் வெளியே வைத்து, அப்புறம் அடுத்த துடுப்பால் ஒரு பிடி. குழி ஆழமாக ஆக, மணலை வைக்கும் பக்குவம் மட்டும் மாறவே இல்லை. கண்ணில் பிசுபிசுவென்று நீர் வழிந்தது. அது உடம்பிலுள்ள உப்பை வெளியேற்றுவது என்று வழிகாட்டி சொன்னார். அத்தை, “பெத்தவளுக்கு வேற எப்படி இருக்கும்” என்று தமிழில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

என் கோபம் இங்கேதான். ஆமைக்காக ஒரு தீக்குச்சி வெளிச்சத்தைக்கூடப் பொறுக்காதவர்கள், எழுபது வயதுப் பெண் தூங்கும் அறைக்கு ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தவில்லை.

இந்த ஜூலை, பள்ளி விடுமுறையில் முதல் முறையாகக் குளிர்காலத்தில் போனோம். கதவு சரியாகாமலே இருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. ஜூலையில் அந்தக் கதவு அழகாகச் சாத்துகிறது! இங்கே மழை கோடையில்தான். டிசம்பர் ஈரத்தில் பலகை ஊறி நிலையில் முட்டும், அதோடு உப்புக்காற்றில் இரும்புக் கீல் அரித்துக் கதவு ஒரு பக்கம் தொங்கும். பராமரிப்பு வேலையெல்லாம் கூட்டமில்லாத குளிர்காலத்தில் செய்வார்கள். அப்போது வந்து பார்த்தால் கதவில் குறையே தெரியாது. யாரும் பொய் சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

போன டிசம்பரில் புதிதாக வந்த பொறுப்பாளர் ஒருவர்தான், கதவு உப்பியிருக்கும்போதே நிலையை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஜூலையில் நாங்கள் இருக்கும்போதே பக்கத்து ஊர்த் தச்சர் வந்தார். கதவைக் கழற்றி இரண்டு முக்காலியில் கிடத்தி, அந்தக் கோடு வரை இழைப்புளி ஓட்டினார். சுருள் சுருளாக வந்த சீவலைப் பிள்ளைகள் பொறுக்கினார்கள். வெட்டிய விளிம்புக்கு எண்ணெய் தேய்த்தார், இரும்புக் கீலை எடுத்துவிட்டுப் பித்தளைக் கீல், பித்தளைத் திருகாணி, புதுத் தாழ்ப்பாள். மாட்டிவிட்டு ஒரே விரலால் தள்ளிக் காட்டினார். ‘டக்’ என்று விழுந்தது. மொத்தம் ஒரு மணி நேரம் இருக்கும். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். அப்புறம் வெளியே போய் நின்றுகொண்டேன், உள்ளே இருக்க முடியவில்லை.

ஏனென்றால் அத்தைக்கு இந்த மார்ச்சில் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை ஆனது. அந்த மணல் பாதைக் குலுக்கலில் இனி அவரை உட்கார வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2022, 2023, 2024, மூன்று டிசம்பர் அவரால் வந்திருக்க முடியும்.

தம்பிக்குப் பதில்: கூட்டிக்கொண்டு போங்கள். இந்த நாட்டில் நான் தங்கிய இடங்களில் அதற்கு ஈடு கிடையாது. மூன்றாம் குடிலையே கேளுங்கள். சாமான் இறக்குவதற்கு முன் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் இழுத்தாலும் அன்றைக்கே பொறுப்பாளரை அழைத்து வந்து கண்ணெதிரே காட்டுங்கள். பழத்தை வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். வெந்நீர் விறகு பாய்லரில் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் காயும், அப்பாவை அந்த நேரம் குளிக்கச் சொல்லுங்கள். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆமை நடைக்கு அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

நாங்கள் இந்த டிசம்பர் போகவில்லை. பொறுப்பாளர் நல்ல மனிதர், மூன்றாம் குடிலை எங்களுக்கு ஒதுக்கி வைக்கட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.