காரைக்குடி மேடைப்பேச்சு வகுப்பு: சேரலாமா?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்டதால் எழுதுகிறேன். தாராளமாகச் சேரலாம், அதிலும் வாக்கியத்தை முடிக்கிற இடத்தில் குரல் தேய்ந்து போகிறவர்கள் கட்டாயம் சேருங்கள்.

இங்கே முதலில் திருத்துவதே அதைத்தான். தமிழில் வினை கடைசியில் வருகிறது. முடியுமா முடியாதா, வந்தாரா வரவில்லையா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கும்போது நாம் மூச்சுத் தீர்ந்து சரியாக அங்கேதான் முணுமுணுக்கிறோம், பின்வரிசைக்காரருக்குப் பொருளே தலைகீழாகிவிடும். சொல்லிக்கொடுக்கிற ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தோளைத் தூக்காமல் வயிறு விரிய மூச்செடுத்து, கடைசிச் சொல்லுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கப் பழக்குகிறார். அலுக்கத்தான் செய்யும், ஆனால் பலன் தெரிகிறது.

வகுப்பு நடப்பது பழைய செட்டிநாட்டு வீட்டின் பெரிய ஹாலில். வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை, மூன்றும் சேர்ந்து குரலைத் திருப்பி அடிக்கின்றன. வேகமாகப் பேசினால் முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுந்து ஒன்றுமே புரியாது, அதனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்த ஹாலே கற்றுக்கொடுத்துவிடுகிறது! அப்புறம் மைக். வாயை ஒட்டிப் பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் டப்பென்று வெடிக்கும், கொஞ்சம் தள்ளி, சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொல்கிறார்.

குறைகளும் உண்டு. கையசைவுக்கென்று ஒரு வகுப்பு வைத்து எல்லோருக்கும் ஒரே அசைவைப் பழக்குகிறார்கள், கடை வைத்திருக்கும் அண்ணனும் மகளிர் குழு ஆச்சியும் ஒரே மாதிரி கையை வீசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, குன்றக்குடி அடிகளார் பேசிய சீமை. ஒப்பிக்கிற பேச்சையும் ஒட்டவைத்த அசைவையும் இங்கே சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேசியதைப் பதிவு செய்து போட்டுக் காட்டுவதில்லை, அதுதான் பெரிய குறை. நம் குரலை நாமே கேட்காமல் தேய்கிற இடம் எப்படித் தெரியும்? கேட்டால் போனில் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வதென்றால் காலைப் பிரிவில் சேருங்கள், மாலையில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் அதிகம், பேச நமக்கு முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.