ஒரே தூரம், மூன்று வேறு முகங்கள்: ஹால் ஹிக்டனின் 18 வார மாரத்தான் பயிற்சித் திட்டம்

அமெரிக்க ஓட்ட வீரரும் எழுத்தாளருமான ஹால் ஹிக்டன் 1964-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஐந்தாவதாக வந்தவர். அத்தனை வேகம் கண்ட ஒருவர், முதன்முறை மாரத்தான் ஓடுவோருக்கென வகுத்த ‘நோவிஸ் 1’ திட்டத்தில் வேகப் பயிற்சியே இல்லை என்பதுதான் என்னை அதன்பால் ஈர்த்தது. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் அந்த அட்டவணையை முதல் வாரத்திலிருந்து 18-ஆம் வாரம் வரை பின்பற்றி முடித்த பின்னரே இதை எழுதுகிறேன்.

திட்டத்தின் அமைப்பு எளிது. திங்களும் வெள்ளியும் ஓய்வு; செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களில் குறைந்த தூர ஓட்டங்கள்; சனிக்கிழமை நெடுந்தூர ஓட்டம்; ஞாயிறன்று சைக்கிள், நீச்சல், நடை போன்ற ஏதேனும் ஒரு மாற்றுப் பயிற்சி. சனிக்கிழமை ஓட்டம் 6 மைலில், அதாவது ஏறத்தாழ 9.7 கிலோமீட்டரில் தொடங்கி, 15-ஆம் வாரத்தில் 20 மைலைத் தொடுகிறது. பிறகு பந்தய நாளுக்காக உடலைத் தேற்றும் பொருட்டு மளமளவென்று குறைகிறது.

இந்த அட்டவணையின் உயிர்நாடி அது ஏறும் இடங்களில் இல்லை, இறங்கும் இடங்களில் இருக்கிறது என்பதே என் தீர்மானமான கருத்து. முதல் இரண்டு வாரங்களில் 6, 7 மைல் என்று ஏறியவரை மூன்றாம் வாரம் 5 மைலுக்கு இறக்கிவிடுகிறது. அடுத்து 9, 10 என்று ஏற்றி, ஆறாம் வாரம் மீண்டும் 7-க்குக் கொண்டுவருகிறது. இரண்டாம் வாரத்தில் அந்த 7 மைல் என் வாழ்நாளிலேயே நான் ஓடிய மிக நீண்ட தூரமாக இருந்தது. நடுவில் இருமுறை நின்று மூச்சு வாங்கினேன், வீடு வந்து வெகுநேரம் படியிலேயே அமர்ந்திருந்தேன். நான்கு வாரங்கள் கழித்து, அதே சாலையில், அதே 7 மைல் எனக்கு ஓய்வு வாரத்தின் ஓட்டமாக அமைந்தது. முன்பு நின்ற இரண்டு இடங்களையும் நிற்காமல் கடந்தபோது கண் கலங்கியது. 12 மைலும் அப்படித்தான்: ஏழாம் வாரத்தில் அதுவே சிகரம், 12-ஆம் வாரத்தில் இளைப்பாறல், 16-ஆம் வாரத்தில் பந்தயத்துக்கு முந்தைய இறக்கம். கால்களுக்குள் ஓசையின்றி நடந்துகொண்டிருந்த வேலையை, ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்பச் சந்திக்கவைத்து இந்தத் திட்டம் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. என் உடலுக்கு நான் நன்றி சொல்லத் தொடங்கியது அந்தச் சனிக்கிழமைகளில்தான். அது வரை அதைக் குறைசொல்லியே பழகியிருந்தேன்.

இறங்கும் வாரங்களுக்கு உடலியல் காரணமும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. எலும்புகளும் தசைநாண்களும் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம்கொடுக்கிறதே என்று ஓடுபவரின் கால் அடிபடுவது இதனால்தான். ஐந்தாம் வாரத்தில் நானும் அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டி, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை ஒட்டிய வலியைத் தேடிக்கொண்டேன். நெடுந்தூர ஓட்டத்தைப் பந்தய வேகத்தைவிட மைலுக்கு 30 முதல் 90 நொடிகள் மெதுவாக ஓடச் சொல்கிறார் ஹிக்டன். உடன் வருபவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகம் என்று அதை நான் புரிந்துகொண்டேன். அந்த வேகத்துக்கு இறங்கிய பிறகுதான் விடியல் வெளிச்சமும் பறவைகளின் ஒலியும் என் காலடியின் சீரான தாளமும் எனக்குக் கிடைத்தன.

சில இடர்ப்பாடுகளையும் சொல்ல வேண்டும். கிலோமீட்டரில் கணக்கிட்டுப் பழகியவர்கள் முதலிலேயே முழு அட்டவணையையும் மாற்றி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. புதன்கிழமை ஓட்டம் படிப்படியாக 10 மைல் வரை வளர்வதால், வேலைக்குச் செல்பவர்கள் அந்த நாளுக்கென நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும். வீட்டாரின் ஒத்துழைப்பும் தேவை. இத்தனை சனிக்கிழமைக் காலைகளின் பொறுப்பை முகம் சுளிக்காமல் ஏற்றவர்கள் இல்லாமல் என்னால் இதை முடித்திருக்க இயலாது.

20 மைலுக்கு மேல் பயிற்சியில் ஓடாமல் 42.195 கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்ற அச்சம் பலருக்கும் எழும். எனக்கும் இருந்தது. கடைசி 10 கிலோமீட்டர் கடினமாகவே இருந்தது. ஆனால் 15 வாரங்களாகச் சேர்ந்த களைப்பை இறுதி மூன்று வாரங்களின் இறக்கம் போக்கியிருந்ததால், கால்கள் கைவிடவில்லை.

ஓட்டத்துக்கு முற்றிலும் புதியவர்கள் இதில் நேரடியாக இறங்க வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள்களாவது 5 கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓடப் பழகி, அந்த வழக்கம் சில மாதங்கள் நிலைத்த பிறகு தொடங்கினால், முதல் வாரத்தின் 6 மைல் மிரட்டாது. அப்போது இரண்டாம் வாரத்து 7 மைலை எங்கெங்கே நின்று முடித்தீர்கள் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வாரத்தில் அந்தக் குறிப்பு உங்களுக்குத் தேவைப்படும்.