கம்பு முனை தேய்ந்தால்: ரப்பர் புஷ்ஷா, புது டிப்பா, புதுக் கம்பேவா?

வெள்ளியங்கிரியில் இறங்கி வரும்போது இடது கை ட்ரெக்கிங் போலின், அதாவது மலையேறும்போது ஊன்றிக்கொள்ளும் கம்பின், சத்தம் மாறியது. அதுவரை படியில் ‘தொப் தொப்’ என்று விழுந்துகொண்டிருந்தது, திடீரென ‘டிக் டிக்’ என்றது. திருப்பிப் பார்த்தால் ரப்பர் மூடியின் நடுவில் ஓட்டை, உள்ளிருந்த உலோக முனை எட்டிப் பார்க்கிறது. வலது கைக் கம்பின் கதை இன்னும் மோசம். ரப்பர் எந்தச் சேற்றில் போனதோ தெரியாது. போதாததற்கு, பாறை இடுக்கில் மாட்டி அடி பிளாஸ்டிக்கும் ஒடிந்திருந்தது.

வாங்கிய கடையில் கேட்டேன். “ஸ்பேர் எல்லாம் வராது சார், புது செட் எடுத்துக்கங்க” என்றார்கள். குழாய், நீளத்தைக் கூட்டிக் குறைத்து இறுக்கும் பூட்டு, கைப்பிடி எல்லாம் நன்றாக இருக்கும்போது ஒரு விரல் நீளத் துண்டுக்காக ஜோடியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அப்படித்தான் புது ரப்பர் மூடி, கைத்தடி ரப்பர் புஷ், புது டிப், புதுக் கம்பு என்று நான்கு வழிகளையும் பார்க்கவேண்டி வந்தது.

முதலில், போனது எது என்று பாருங்கள். கம்பின் நுனி மூன்று அடுக்கு. வெளியே மாட்டிக் கழற்றும் ரப்பர் மூடி. அதற்குள் பிளாஸ்டிக் டிப், கடைகளில் ஃப்ளெக்ஸ் டிப் என்பார்கள். அதன் நுனியில் பதித்த பொடி உலோகத் துண்டு. நல்ல கம்புகளில் அது டங்ஸ்டன் கார்பைடு. சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு கடினம் என்பதால் கார்பைடு அவ்வளவு சீக்கிரம் தேயாது. பெரும்பாலும் ரப்பர் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் பிளாஸ்டிக் ஒடிந்திருக்கும். பிளாஸ்டிக் ஒடிவதில் ஒரு நன்மையும் உண்டு: இடுக்கில் மாட்டினால் குழாய் வளைவதற்கு முன் டிப் போகட்டும் என்றுதான் அதை வளைந்துகொடுக்கும்படி செய்கிறார்கள்.

ரப்பர் மட்டும் போயிருந்தால் புது ரப்பர் மூடியே போதும், மலிவும் அதுதான். வாங்கும்போது உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அடியில் ஒரு உலோக வாஷர் தட்டுப்பட்டால் எடுங்கள். வாஷர் இல்லாத மூடியைக் கார்பைடு உள்ளிருந்தே குத்திக் கிழித்துவிடும். என் இடது கைக் கம்பில் நடந்தது அதுதான். கற்படி, சிமெண்ட், தார் ரோடு, காய்ந்த பாறை ஆகியவற்றில் ரப்பர்தான் ராஜா. கை அதிராது, சத்தமும் இல்லை, பாறையில் வெள்ளைக் கீறலும் விழாது. பெருவில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் ரப்பர் மாட்டாத உலோக முனைக்கு அனுமதியே கிடையாது. ஆனால் பாசி படிந்த ஈரப் பாறையிலும் களிமண்ணிலும் ரப்பரை நம்பாதீர்கள். ஒன்று வழுக்கும், இல்லை சேறு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் தாத்தா பாட்டி கைத்தடிக்கு விற்கும் ரப்பர் புஷ். எல்லா ஊரிலும் கிடைக்கிறதே என்று நானும் ஒன்று வாங்கினேன். சிக்கல் அளவில்தான். ட்ரெக்கிங் போல் டிப்புக்கு வரும் மூடிகளின் உள்விட்டம் 11, 12 மி.மீ. அளவில் இருக்கும். கைத்தடி புஷ்ஷோ 19, 22 மி.மீ. என்று வரும். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். தெருவில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரட்டில் முதல் ஈர மண்ணிலேயே சுழன்று கழன்றது. கம்பில் முழு எடையையும் போட்டு இறங்குகிறவர் இதை முயல வேண்டாம்.

பிளாஸ்டிக் ஒடிந்திருந்தால் சரியான வழி ஃப்ளெக்ஸ் டிப்பையே மாற்றுவது. சொன்னால் பயமாக இருக்கும், செய்தால் அரை மணி நேர வேலை. கீழ்க் குழாயைத் தனியாகக் கழற்றி, டிப் மட்டும் மூழ்கும்படி கொதிநீரில் ஓரிரு நிமிடம் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் இளகி, பிடி தளரும். குழாயைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக்கைப் பிளேயரால் கவ்வித் திருகி இழுத்தால் வந்துவிடும். என்னுடையது ஒடிந்த மொட்டை என்பதால் கவ்வ இடமே இல்லை. ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிளந்தேன், குழாயில் பிளேடு படாமல். கார்பன் ஃபைபர் குழாய் என்றால் இன்னும் கவனம் தேவை. பிளேயரைக் குழாயில் போடக் கூடாது, தீயில் காட்டவே கூடாது.

புது டிப்பைக் கையால் செருகி, ஒரு மரக்கட்டையில் ஊன்றி உடல் எடையைப் போட்டு அழுத்தினால் இறுகிவிடும். பசை வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. ஆடினால் பசை போட்டுச் சமாளிக்காதீர்கள், அளவு தவறு என்று அர்த்தம். குழாய் நுனியை வெர்னியர் அளவுகோலில் அளந்து வாங்குவது நல்லது. ஒரு கம்பெனி டிப் இன்னொன்றுக்குச் சேரும் என்ற உத்தரவாதம் இல்லை. சேற்றுக்கான வட்டத் தட்டு டிப்பிலுள்ள மரையில்தான் ஏறும் என்பதால் அதையும் ஒத்துப்பாருங்கள். பிளாக் டைமண்ட் கம்பெனியின் சில கம்புகளில் கார்பைடு முனையையும் ரப்பர் முனையையும் திருகியே மாற்றலாம். அப்படிப்பட்ட கம்பு வைத்திருப்பவருக்கு இந்தக் கொதிநீர் வித்தை தேவைப்படாது.

கார்பைடு துண்டு மட்டும் விழுந்திருந்தால் எப்பாக்ஸி பசை வைத்து ஒரு போல்ட்டை ஒட்டலாம் என்கிறவர்கள் உண்டு. நான் ஒட்ட மாட்டேன். செங்குத்தான இறக்கத்தில் அது பிடுங்கிக்கொண்டால் தாங்க வேண்டியது என் முட்டிதான்.

புதுக் கம்பு எப்போது? கீழ்க் குழாய் வளைந்திருந்தாலோ, கார்பனில் விரிசல் தெரிந்தாலோ, பூட்டு நழுவினாலோ மட்டும். மலிவுக் கம்பில் டிப் ஜோடியின் விலை கம்பு விலையில் பாதியை நெருங்கினாலும் புதிதே வாங்கிவிடலாம், வீம்பு வேண்டாம்.

இப்போது என் இரண்டு கம்பிலும் புது ஃப்ளெக்ஸ் டிப். மேலே வாஷர் வைத்த ரப்பர். மண் பாதை வந்தால் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். மெடிக்கல் ஷாப் புஷ்ஷும் வீணாகவில்லை. வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் அப்பா வாங்கிவந்த மூங்கில் தடியின் அடியைக் கொஞ்சம் சீவியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. காலை நடைக்கு அதைத்தான் எடுத்துப் போகிறார்.