காலெந்தாதோ, சாங்குவா, அரெப்பா: கொலம்பிய பிரன்ச்சில் எதைக் கேட்பது?

காலை உணவும் மதிய உணவும் ஒன்றான பிரன்ச்சைக் கொலம்பிய பாணியில் தரும் கஃபேக்களில் மூன்று உணவுகள் அடிக்கடி போட்டிக்கு நிற்கும். மூன்றிலும் முட்டை உண்டு. ஒற்றுமை அத்தோடு சரி.

சாங்குவா, தலைநகர் பொகோட்டாவைச் சுற்றிய மலைநாட்டு உணவு. பாலும் தண்ணீரும் கலந்து கொதிக்கவிட்டு, வெங்காயத்தாள் போட்டு, முட்டையை அதிலேயே உடைத்து ஊற்றி வேகவைப்பார்கள். மேலே கொத்தமல்லித்தழை, கூடவே காய்ந்த ரொட்டி. உப்புப் போட்ட பாலில் முட்டையா என்று முகம் சுளிப்பவர்கள் கொலம்பியாவிலேயே உண்டு. 2,600 மீட்டர் உயரத்தில், விடியற்காலைக் குளிரில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பதினொரு மணிக்குப் பசியோடு வந்து உட்காருபவருக்கு அது பத்தியச் சாப்பாடுதான்.

அரெப்பா என்பது மக்காச்சோள மாவு ரொட்டி; அதில் முட்டை வைத்த அரெப்பா தே வேவோ, கரீபியன் கடற்கரைப் பலகாரம். மக்காச்சோள மாவைத் தட்டிப் பொரித்து, உப்பியதும் எடுத்து, ஓரத்தைக் கீறிப் பச்சை முட்டையை உள்ளே ஊற்றி, கீறலை மாவால் அடைத்து மறுபடி எண்ணெயில் போடுவார்கள். அட்லாந்திகோ மாநிலத்தின் லுருவாக்கோ ஊரில் இதற்கென்றே திருவிழா நடக்கிறது. சுவையில் இதுவே முதலிடம் பெறலாம். ஆனால் சட்டியிலிருந்து நேராகக் கைக்கு வர வேண்டும். முன்பே பொரித்துவைத்துச் சூடுகாட்டிக் கொடுக்கும் கடையில் இதைக் கேட்பது வீண்.

என் ஓட்டு காலெந்தாதோவுக்கு. கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்து வீடுகளில் நேற்று மிஞ்சிய பீன்ஸையும் சோற்றையும் காலையில் வாணலியில் ஒன்றாகப் புரட்டி, மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் சொரிசோ என்கிற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, சாதா அரெப்பா வைத்துத் தருவது இது. இரவு முழுவதும் கிடந்து பீன்ஸ் கெட்டிப்பட்டிருக்கும், சோறு உலர்ந்திருக்கும். அதனால்தான் குழையாமல் அடியில் லேசாக முறுகுகிறது. அன்றைக்கு வடித்த சோற்றில் அன்றைக்கு வெந்த பீன்ஸைக் கிளறிவிட்டு அதே பெயரில் விற்கும் கஃபேக்களும் உண்டு. அது வெறும் குழம்புச் சோறு. கூட வரும் வெள்ளை அரெப்பாவில் உப்பே இல்லையே என்று குறைப்பட வேண்டாம். பீன்ஸும் சொரிசோவும் தரும் உப்புக்கு அந்தச் சப்பென்ற சுவைதான் ஈடு.

குடிப்பதற்கு? பொகோட்டாக்காரர்கள் சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டியைப் போட்டு, உருகியதும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவார்கள். தனியாக அருமை, காலெந்தாதோவுக்குப் பிறகு அதிகப்படி. பனேலா என்கிற கரும்பு வெல்லத்தைக் கரைத்து எலுமிச்சை பிழிந்த அகுவாபனேலா இன்னும் பொருந்தும். வெல்ல உற்பத்தியில் இந்தியாவுக்கு அடுத்த இடம் கொலம்பியாவுக்குத்தான்; நம் நாக்குக்கு அது அந்நியமே அல்ல.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சொரிசோவை மட்டும் தவிர்த்தால் போதாது. அந்தியோக்கியா பாணியில் பீன்ஸையே பன்றிக்காலோடு வேகவைப்பது வழக்கம், கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், பாலாடைக்கட்டி வைத்த இளஞ்சோள அரெப்பா இருக்கிறது. இனிப்பும் உப்புமாக, வயிறும் நிறையும்.